அப்பாவின் படகுக்கு ஹேண்ட்பிரேக் கிடையாது

அன்பும் அவசரமும் ஒருசேர வாய்த்த என் அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். இப்போதைக்கு மூவரும் உலர்ந்தும் இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் ஏழாவது மாடியில் அதே நலத்தோடும் அதே உலர்ச்சியோடும் இருக்க வேண்டுகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை. ‘இரு, நான் சொல்றத முதல்ல கேளு’ என்று நீ ஆரம்பித்தால் என் பக்க நியாயம் பேட்டரியோடு சேர்ந்து தீர்ந்துபோகிறது. கடிதத்தை நடுவில் மறிக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதென்றாலும் படித்து முடித்துவிட்டுக் கிழி.

அப்பா ஆற்றில் கவிழ்ந்த வீடியோவை அத்தான் அலுவலகத்தில் பார்த்தாராம். விழுந்து விழுந்து சிரித்தாராம். பக்கத்து மேஜைக்காரருக்கும் காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் கவிழ்வது தன் மாமனார் என்று கண்டுகொண்டாராம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தலைகீழாகப் பார்த்தால் யாரையும் சட்டென்று அடையாளம் தெரியாது. ஆனால் அன்று மாலையே நீ போன் செய்து தீர்ப்புச் சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவது, அப்பாவையும் அம்மாவையும் உன் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவது, படகை அத்தானின் மேலாளர் தன் பண்ணை வீட்டு ஏரிக்கு எடுத்துக்கொள்வது. மேலாளருக்கு ஏரி இருக்கிறது, இனிப் படகும் இருக்கும். அப்பாவுக்கு என்ன இருக்கும் என்று நீ கேட்கவில்லை. இந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ. அப்பாவைக் கொடு என்று கேட்காதே.

நீ ஊரில் இல்லாததால் உனக்குச் சில விஷயங்கள் தெரியாது. பஸ் கம்பெனி டிப்போவை மூடியது உனக்குத் தெரியும். மூடிய அன்று அப்பா மாதிரி நேரம் தவறாமல் வண்டி எடுத்த டிரைவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். போவதற்கு இடமில்லாமல் செய்துவிட்டு நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும். அந்தக் கடிகாரத்தை அம்மா பாத்ரூம் கதவுக்கு எதிரே மாட்டினாள். அப்பா சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை. வெளியே ஹார்ன் சத்தம் கேட்டால் வலது கால் தரையை அழுத்தும். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்தாலும் அழுத்தும்.

“ஃபிரிட்ஜ் எங்கயும் போகாதுங்க. பிரேக்க விடுங்க” என்பாள் அம்மா.

“நான் எங்க அழுத்தினேன்?”

“தரை விரிப்பு அந்த இடத்துல மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க.”

அப்படி இருந்த நேரத்தில்தான் அத்தான் அந்தப் பரிசை அனுப்பினார். மீன் பிடிக்கிற கயாக். ஆரஞ்சு நிறத்தில், ஒரே ஆள் காலை நீட்டி உட்காரும் பிளாஸ்டிக் படகு. அத்தான் நல்ல மனிதர். அவர் அதை நம் வீட்டுக் கூடத்தை அளந்து பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் இன்னும் நல்ல மனிதராக இருந்திருப்பார். அதன் மூக்கு சமையலறையிலும் வால் வாசற்படியிலும் கிடந்தன. கொஞ்ச நாள் நாங்கள் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போனோம். அப்பா படகைச் சுற்றி வந்தார், டயர் இருக்கவேண்டிய இடங்களில் காலால் தட்டிப் பார்த்தார், இருக்கையில் உட்கார்ந்தார், இடது கையால் துழாவினார். பிறகு கேட்டார்.

“இதுக்கு ஹேண்ட்பிரேக் எங்க?”

நடந்த அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு கேள்வி.

படகோடு ஒரு சின்ன நங்கூரமும் கயிறும் வந்திருந்தன. கூடவே ஒரு தாள். நான் அதைப் படித்துச் சொன்னேன். ஓடுகிற தண்ணீரில் நங்கூரக் கயிறு படகின் மூக்கிலோ வாலிலோதான் இருக்கவேண்டும், ஒருநாளும் பக்கவாட்டில் கட்டக்கூடாது என்று படம் போட்டு, அந்தப் படத்தின் மேல் குறுக்கே அடித்தும் காட்டியிருந்தார்கள். அப்பா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பாப்பா, உக்காந்த இடத்துலேருந்து கைக்கு எட்டலேன்னா அது என்ன பிரேக்கு? மூக்குல கட்டிட்டு, நிறுத்தறதுக்கு நான் எந்திரிச்சுப் போகணுமா?”

“இது பஸ் இல்லப்பா.”

“நிக்கணும்ல? நிக்கிற வண்டி எல்லாத்துக்கும் ஒரே சட்டம்தான்.”

இருக்கைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் கட்டினார். கயிற்றையும் குட்டையாகவே கட்டினார். நீளமாக விட்டால் பிரேக் லூஸாகிவிடுமாம்.

முதல் நாள் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது, அதுதான் பெரிய கஷ்டம். ஆறு வளைகிற இடத்தில் ஒரு குடா இருக்கிறதே, தண்ணீர் அசையாமல் கிடக்குமே, அங்கே போய் நங்கூரத்தைப் போட்டார். படகு மேஜை மாதிரி நின்றது. அப்பா தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையில் இருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கொஞ்ச நேரம்தான் தாங்கவேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் புதிதாக வந்திருக்கிற பணக்காரர் கிளப்பின் காவலாளி ஓடி வந்தார்.

உனக்குத் தெரிந்த அந்தக் குடா இப்போது இல்லை. இருக்கிறது, ஆனால் கிளப்புக்கு இருக்கிறது. சிவப்பு உருண்டைகளைக் கயிற்றில் கோத்துக் குறுக்கே கட்டி, உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்துவிட்டார்கள். அந்தக் கயிற்றைத் தூக்கிவிட்டு அப்பா உள்ளே போயிருந்தார். வழியில் கயிறு கிடந்தால் தூக்கிவிட்டுப் போவதுதான் முறை என்று நினைத்தாராம்.

“ஐயா, வெளிய வந்துருங்க” என்றார் காவலாளி.

“தண்ணிக்கு என்னய்யா உள்ள, வெளிய?”

“எனக்கும் புரியலைங்க. ஆனா மேல இருந்து பாத்துக்கிட்டிருக்காங்க. என் வேலை போயிரும்ங்க.”

வேலை என்று சொன்னதும் அப்பா நங்கூரத்தை எடுத்துவிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நிற்கிற தண்ணீரை அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரை நமக்கு விட்டிருக்கிறார்கள். இதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இப்போது ஊர்க்காரர்கள் மீன் பிடிக்க மிஞ்சியிருப்பது பாலத்தடிதான். அங்கே தண்ணீர் தூண்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு போகும், அலுவலகம் விட்ட நேரத்துக் கூட்டம் மாதிரி.

மறுநாள் எனக்கு வார விடுப்பு, நானும் அம்மாவும் கரையில் இருந்தோம். அம்மா லைஃப் ஜாக்கெட்டைத் தானே மாட்டிவிட்டு, வார்களை இழுத்து முடிச்சும் போட்டிருந்தாள். அப்பா பாலத்துக்குக் கீழே போய் வழக்கம்போல இடது கையால் நங்கூரத்தை இறக்கினார். அது அடியில் ஏதோ கல்லில் மாட்டிக்கொண்டது. கயிறு விறைத்தது. படகு அப்படியே குறுக்கே திரும்பியது. மேலிருந்து வருகிற தண்ணீர் படகின் முழு நீளத்திலும் முட்டுகிறது, அடியில் நங்கூரம் அதே பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. அப்பா என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறாய்? பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்துக் கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டினார். விளிம்பு தண்ணீருக்குள் போனது, அதன் பின்னால் அப்பா போனார், அவர் பின்னால் டீ பிளாஸ்க் போனது. வீடியோவில் நீ பார்த்தது இவ்வளவுதான். கயாக் வயிற்றைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. அப்பா மட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டில் மல்லாந்து, முகம் கொஞ்சமும் மாறாமல், பயணி போல எங்களைக் கடந்து போனார்.

“என்னங்க” என்று கத்தினாள் அம்மா.

“வண்டி நின்னுச்சு பாத்தியா” என்று தண்ணீரிலிருந்து பதில் வந்தது.

வீடியோவில் இல்லாததையும் சொல்கிறேன். நீரோட்டம் அவரைக் கிளப் படித்துறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் நாள் விரட்டிய அதே காவலாளி கையைக் கொடுத்துத் தூக்கினார். மாடியில் காபிக் கோப்பையோடு நின்ற ஒருவர் போனைக் கீழே இறக்காமலே, அந்தப் படி வெளியாருக்கானது அல்ல, ஈரத்தோடு வரக்கூடாது என்றார். ஆற்றிலிருந்து வருகிறவன் எப்படி வரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அப்பா, “சாரி சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு ஆழத்தில் கரையோடு கரையாக நடந்து எங்களிடம் வந்தார். கவிழ்ந்தது எனக்கு வலிக்கவில்லை அக்கா. அந்த சாரி வலித்தது.

அன்று மாலைதான் உன் போன். நீ பேசி முடித்ததும் அப்பா, “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். சோபாவில் உட்கார்ந்தார். கால் தரைக்குப் போய்விட்டது. அடுத்து வந்த நாட்களில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அக்கா வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தா என்ன தெரியும்?” நான் கோபத்தில், “காத்துதான் தெரியும், வேறென்ன” என்றேன். அம்மா துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பார்.

என் வேலை உனக்குத் தெரியும். கிடங்கில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். பெட்டி எடுக்காமல் கொஞ்சம் நின்றாலும் அது கீச்சிடும். நாளெல்லாம் நிற்கக்கூடாத இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தால், இங்கே ஒருவர் நகரவே முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் மாற்றிவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவைச் சோபாவிலிருந்து காப்பாற்றியவர் கண்டக்டர் மாமா. அப்பாவின் வண்டியில் கடைசிவரை வேலை பார்த்தாரே, அவர்தான். வீடியோ அவருக்கும் போயிருக்கிறது. துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து உட்கார்ந்து, டீ வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, ஓடற தண்ணில குறுக்க நிறுத்தினீங்களாமே. ரோட்டுல குறுக்க நிறுத்தின வண்டிய நீங்க என்ன பேச்சுப் பேசியிருக்கீங்க.”

“ஹேண்ட்பிரேக் எட்டணும்ல.”

கண்டக்டர் மாமா எழுந்து, நாங்கள் மீட்டுக்கொண்டு வந்திருந்த படகைச் சுற்றி வந்தார். மூக்கையும் வாலையும் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நம்ம வண்டில பெல்லு எங்கண்ணே இருந்துச்சு?”

“உன் தலைக்கு மேல கயிறு. பெல்லு எங்கிட்ட.”

“நான் பின் படிக்கட்டுல நின்னு இழுப்பேன், மணி உங்க காதுகிட்ட அடிக்கும். நான் என்னைக்காவது மணியத் தேடி முன்னால வந்தேனா?”

அப்பாவின் கால் தரையிலிருந்து எழும்பியது. நான் பார்த்தேன்.

அம்மாவுக்கு மட்டும் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று உடனே புரிந்துவிட்டது. “என் கொடிக்கயிறு மேல யாரும் கை வைக்கக்கூடாது” என்றாள். அதற்குள் கண்டக்டர் மாமா பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். துணி காயப்போடும் கொடியின் இரண்டு கப்பிகளையும் கழற்றினார். ஒன்றை மூக்கில் திருகினோம், ஒன்றை வாலில். இரண்டுக்கும் நடுவில் கொடிக்கயிற்றைச் சுற்றாகக் கட்டி, அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிறு அந்த வளையத்துக்குள் போகிறது. அப்பா இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே பக்கத்துக் கயிற்றை இழுத்தால் வளையம் ஊர்ந்து மூக்குக்குப் போகும், திருப்பி இழுத்தால் வாலுக்குப் போகும். பிரேக் கைக்கு எட்டுகிறது, ஆனால் பிடிப்பது முனையில்.

“கடைசில உன் கயித்துக்குத்தான் நான் நிக்கணுமா?” என்றார் அப்பா.

“இத்தனை வருஷம் வேற எதுக்கு நின்னீங்க?”

இன்னொன்றும் செய்தோம். நங்கூரக் கயிறு நேராகப் படகோடு சேராது, நடுவில் ஒரு கொக்கி, கொக்கிக்கு அந்தப் பக்கம் ஒரு மிதவை. ஆபத்து என்றால் கொக்கியைத் தட்டிவிட்டுப் படகு போய்விடலாம். நங்கூரமும் மிதவையும் அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம். அப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பிரேக்கை வழியிலேயே விட்டுவிட்டுப் போகிற வண்டியை அவர் பார்த்ததில்லையாம். “எமர்ஜென்சி கதவுண்ணே” என்றார் கண்டக்டர் மாமா. அதோடு அப்பா ஒத்துக்கொண்டார்.

நேற்று பாலத்தடிக்குப் போனோம். அப்பா மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு நங்கூரத்தை இறக்கினார், வளையத்தை மூக்குக்கு அனுப்பினார், கயிற்றை ஆழத்தைப்போல நாலு மடங்கு தாராளமாக விட்டார். குட்டையாக விட்டால் நங்கூரம் அடியில் நிமிர்ந்து நிற்கும், நீளமாக விட்டால்தான் படுத்துத் தரையைக் கடிக்கும் என்று அந்தத் தாளில் இருந்ததை இந்த முறை அவரே படித்திருந்தார். படகு கொஞ்சம் பின்னால் போனது, கயிறு மெல்ல நிமிர்ந்தது, படகு நின்றது. தண்ணீர் மூக்கில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். எதையும் அழுத்தவில்லை. இரண்டு கால்களும் நீட்டியபடி, செருப்பில்லாமல், விரல்கள் விரிந்து கிடந்தன. அந்தக் கால்களை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கரையில் கண்டக்டர் மாமா தன் பழைய விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பாலத்துக்கு மேல்பக்கம் ஒரு பெரிய மரக்கட்டை மிதந்து வருவதை அவர்தான் முதலில் பார்த்தார். இரண்டு விசில் கொடுத்தார். அப்பா தலையைத் திருப்பிக் காரணம்கூடக் கேட்கவில்லை. இரண்டு விசில் என்றால் வண்டியை எடுக்கவேண்டும், அவ்வளவுதான். கொக்கியைத் தட்டினார், படகு வழுக்கிக்கொண்டு கீழே போனது, கட்டை அவர் இருந்த இடத்தை உரசிக்கொண்டு போனது, மிதவை ஒரு முறை முங்கி எழுந்தது. அப்பா ஓரமாகத் துடுப்புப் போட்டு மேலே வந்து மிதவையை எடுத்து மாட்டினார். மறுபடி நின்றார். இதைக் கிளப் மாடியிலிருந்து யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அத்தான் அலுவலகத்துக்கு வந்திருக்காது. நம் ஆட்கள் கவிழ்ந்தால்தான் அவர்களுக்குப் படம்.

மீன் ஒன்று கிடைத்தது. “இதுக்குத்தான் என் கொடியக் கழட்டினீங்களா” என்று அம்மா அதை ஆற்றிலேயே விட்டுவிட்டாள்.

ஆகவே அக்கா, நான் கேட்பது இவ்வளவுதான். அவரை ஏழாவது மாடிக்குக் கொண்டுபோய் உட்கார வைக்காதே. அங்கே அவர் கால் மறுபடி தரைக்குப் போய்விடும். இங்கே அவருக்கு ஆறு இருக்கிறது, கண்டக்டர் மாமா இருக்கிறார், நான் இருக்கிறேன். அம்மாவும் இந்த வீட்டை விட்டு வரமாட்டாள். அவர்கள் இருவர் சார்பிலும் உறுதியாகச் சொல்கிறேன். மேலாளரிடம் அவருடைய ஏரிக்கு வேறு படகு பார்த்துக்கொள்ளச் சொல்.

அத்தானுக்கு என் அன்பு. சிரித்ததை மன்னித்துவிட்டோம் என்று சொல். உனக்கு அம்மாவின் ஆசியும், அப்பாவின் ஆசியும், கண்டக்டர் மாமாவின் ஒற்றை விசிலும். கோபம் தணிந்ததும் பதில் எழுது.

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத,
தங்கை.

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பாப்பா” என்றார் அப்பா, “அக்கா வீட்டு ஜன்னல்லேருந்து ஆறு தெரியுமாம்டி. அத்தான் போன்ல படம் அனுப்பினாரு. நம்ம ஆறு மாதிரி மூணு மடங்கு அகலம். கிளப்பு எதுவும் இல்லையாம். அதைக் கேக்கத்தான் அன்னைக்கு வந்தேன், நீ காத்துன்னுட்ட.” அம்மா மடித்த துணிகளெல்லாம் நீ போன் செய்த அன்றிலிருந்தே பெட்டிக்குள் இருக்கின்றன. ஏழாவது மாடியில் வெயில் நன்றாக அடிக்குமாம், அங்கே புதுக் கொடி கட்டிக்கொள்வாளாம். கண்டக்டர் மாமாவும் கூட வருகிறார். படகை லிஃப்டில் நிமிர்த்தி வைத்தால் போகும் என்று உங்கள் லிஃப்டைப் பார்க்காமலே சொல்கிறார்.

எனவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். கார் கூரையில் கேரியர் இருக்கவேண்டும். படகின் மூக்கு முன்பக்கம் பார்க்க வேண்டுமாம், குறுக்கே கட்டினால் அப்பா ஏறமாட்டார். நான் வரவில்லை, பட்டை விடாது. எனக்காக ஒன்று மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். நங்கூரம் அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளட்டும். பழையதையும் மிதவையையும் பாலத்தடியிலேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். “அது எதுக்கு, களவு போயிரும்” என்றாள் அம்மா. அப்பா தூண்டில் பையிலிருந்து சிவப்புப் பெயிண்ட்டை எடுத்து, மிதவையின் மேல் நம் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார்.